பொருநைக் கரையும் சோழர் வரலாறும்: கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் ஆய்வு வாழ்க்கை

ஆய்வுச்சுருக்கம்

தென்னிந்திய இடைக்கால வரலாற்றைக் கல்வெட்டு, செப்பேடு, அயலார் குறிப்பு ஆகியவற்றின் துணையோடு ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் (1892–1975). தாமிரவருணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் பிறந்து, திருநெல்வேலியில் ஆசிரியப் பணி தொடங்கிய இவருடைய வாழ்க்கையையும் ஆய்வுப் போக்கையும் காலமுறையில் தொகுத்துரைப்பது இக்கட்டுரை. தமிழ்நிலத்தின் வரலாற்றை எழுதிய அறிஞர், அதனைத் தமிழில் எழுத இயலுமா என்ற வினாவுக்கு அளித்த விடையும், இலக்கியச் சான்றினும் கல்வெட்டுச் சான்றினை மேலாகக் கொண்ட அவரது அணுகுமுறையும் அவருடைய பணியின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே உணர்த்துகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நீலகண்ட சாஸ்திரியார், தாமிரவருணி, பாண்டியர், சோழர், கல்வெட்டியல், வரலாற்றெழுதியல், ஆய்வுமொழி.

முன்னுரை

பாண்டியர், சோழர் குறித்து இன்று எழுதப்படும் எந்த ஆய்வும் நீலகண்ட சாஸ்திரியாரின் நூல்களைத் தொடாமல் செல்வதில்லை. உடன்படுவோர் அவரை அடித்தளமாகக் கொள்கின்றனர். மறுப்போர் அவரை மறுப்பதிலிருந்தே தம் வாதத்தைத் தொடங்குகின்றனர். எனினும், தமிழ்த்துறை சார்ந்த ஆய்வுகளில் அவர் பெயர் பெரும்பாலும் அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகிறது. அவருடைய பெருநூல்கள் ஆங்கிலத்தில் அமைந்தமையும், தமிழ் இலக்கியத்தின்பால் அவர் கொண்டிருந்த நோக்கு தமிழறிஞர் பலருக்கு உடன்பாடாக இல்லாமையும் இதற்குக் காரணங்கள் எனலாம். அவருடைய வாழ்க்கையை அவர் பிறந்து வளர்ந்த ஆற்றங்கரையோடு சேர்த்து நோக்கும்போது இவ்விரு காரணங்களும் தெளிவு பெறுகின்றன.

1. கல்வெட்டுகள் நிறைந்த ஆற்றங்கரை

நீலகண்ட சாஸ்திரியார் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். பொதிகையில் தோன்றிச் சமவெளியில் இறங்கும் தாமிரவருணியின் ஒரு கரையில் கல்லிடைக்குறிச்சியும் மறுகரையில் அம்பாசமுத்திரமும் அமைந்துள்ளன. முற்காலத்தில் இளங்கோக்குடி என வழங்கிய அம்பாசமுத்திரப் பகுதியில் வரகுண மகாராசனின் புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. தொண்டைநாட்டில் பெண்ணையாற்றங்கரையிலுள்ள அரைசூரில் தங்கியிருந்த பாண்டிய மன்னன், இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசுகளை ஒப்படைத்து, முதல் அழியாமல் அதன் பொலிசையைக் கொண்டு இறைவனுக்கு நாள்வழிபாடு நடைபெற ஏற்பாடு செய்ததை அது கூறுகிறது. பாண்டியரின் வடதிசைப் படையெடுப்பு, ஊர்ச்சபையின் நிதிப்பொறுப்பு, கோயிலின் பொருளியல் ஆகிய மூன்றும் ஒரே கல்வெட்டில் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. பிற்காலத்தில் சாஸ்திரியார் தம் நூல்களில் ஆராய்ந்த பொருள்கள் யாவும் அவர் பிறந்த ஊருக்கு எதிர்க்கரையிலேயே கல்லில் எழுதப்பட்டிருந்தன.

ஆற்றின் போக்கில் கீழ்நோக்கிச் சென்றால் இவ்வகைச் சான்றுகள் மேலும் பெருகுகின்றன. மன்னார்கோயிலில் சேர மன்னன் எடுப்பித்த இராசேந்திரசோழ விண்ணகரமும், நிகரிலிச்சோழச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர்பெற்ற சேரன்மாதேவியும் சோழபாண்டியர் என்னும் அரசப் பிரதிநிதிகளின் ஆட்சிக்குச் சான்று பகர்கின்றன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளும், கொற்கையும், மார்க்கோ போலோ குறித்த காயலும் கடல்முகம் வரை நீளும் வரலாற்றின் தடங்கள் ஆகும்.

இந்நிலத்தின் வரலாற்றை எழுதும் முயற்சியும் அவருக்கு முன்பே தொடங்கியிருந்தது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1881இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை வெளியிட்டார். அவர் மறைந்தது 1891இல். அதற்கு அடுத்த ஆண்டு சாஸ்திரியார் பிறந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியின் தொடக்கக் காலத்தில் பணியாற்றிய மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, திருவிதாங்கூர் அரசர்களின் காலத்தைக் கல்வெட்டுகளைக் கொண்டு வரையறுக்க முயன்றவர். எனவே, கல்வெட்டை வரலாற்றின் முதன்மைச் சான்றாகக் கொள்ளும் மரபு இப்பகுதிக்குப் புதியதன்று.

2. திருநெல்வேலி ஆசிரியரும் ஆய்வுமொழி வினாவும்

சாஸ்திரியார் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் இடைநிலைக் கல்வியும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்றார். முதுகலைத் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்றுத் தேறிய அவர், 1913இல் தாம் பயின்ற இந்துக் கல்லூரிக்கே விரிவுரையாளராகத் திரும்பினார். 1918 வரை அங்குப் பணியாற்றினார்.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு கருத்துமோதல் தமிழ் அறிவுலக வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. 1915இல் வங்க வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்கார், தாய்மொழிகளில் தரமான வரலாற்று நூல்கள் இல்லாமைக்கு வருந்தி, வரலாற்றைத் தாய்மொழியில் எழுதவும் கற்பிக்கவும் வேண்டும் என்று மாடர்ன் ரிவியூ இதழில் எழுதினார். அதற்கு எதிர்வினையாகத் திருநெல்வேலியின் இளம் ஆசிரியர் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். வரலாற்றுப் பொருளைக் கையாளத் தமக்குத் தமிழைவிட ஆங்கிலமே ஏற்றதாக உள்ளது என்றும், இப்பகுதியில் தாய்மொழி போதிய வளர்ச்சி பெறாமை அதற்குக் காரணமாகலாம் என்றும் அவர் கருதினார். அப்போது புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் இக்கருத்தைக் கடுமையாகக் கண்டித்தார்.

பாரதியாரும் அதே திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் பயின்றவர் என்பது இங்கு எண்ணத்தக்கது. ஒரே நிலமும் ஒரே கல்விச்சூழலும் உருவாக்கிய இருவர், தமிழின் ஆற்றல் பற்றி நேர்மாறான முடிவுகளுக்கு வந்தனர். ஒருவர் மொழியின் அன்றைய நிலையை நோக்கினார். மற்றவர், பயன்படுத்தினால்தான் மொழி அந்நிலையிலிருந்து உயரும் என்று கருதினார். சாஸ்திரியாரின் கூற்றை மொழிவெறுப்பு என்று ஒதுக்குவது எளிது. அன்றைய கல்லூரிக் கல்வி முழுவதும் ஆங்கிலத்தில் நடைபெற்றதையும், வரலாற்றுக் கலைச்சொற்கள் தமிழில் நிலைபெறாமல் இருந்ததையும் கருதினால் அது ஓர் ஆசிரியரின் பட்டறிவிலிருந்து எழுந்தது என்பது விளங்கும். ஆயினும், அன்று எழுந்த வினா அவருடைய வாழ்நாள் முழுவதும் அவரைப் பின்தொடர்ந்தது.

3. பாண்டியர் வரலாறு

1918இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகச் சென்ற சாஸ்திரியார், 1920இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய மீனாட்சி கல்லூரியின் முதல்வரானார். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்த அக்கல்லூரியின் நிர்வாகப் பொறுப்புகளுக்கிடையே உருவானதே பாண்டிய அரசு பற்றிய அவருடைய நூல். 1929இல் வெளிவந்த அந்நூல் தொடக்கக் காலத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டு வரையிலான பாண்டியர் வரலாற்றை உரைக்கிறது.

முற்காலப் பாண்டியரைப் பற்றிய ஆய்வுக்கு வேள்விக்குடி, சின்னமனூர்ச் செப்பேடுகள் இன்றியமையாதவை. அவற்றுள் வேள்விக்குடிச் செப்பேடு ஒரு நிலவழக்கின் ஆவணம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்கு அளித்த ஊர் களப்பிரரால் பறிக்கப்பட்டது. கடுங்கோன் பாண்டிய ஆட்சியை மீட்டான். பல தலைமுறைகளுக்குப் பின் உரிமையாளர் மரபினர் ஒருவர் முறையிட, நெடுஞ்சடையன் சான்று கேட்டு அதனை மீண்டும் வழங்கினான். நிலவுரிமையை நிறுவுவதற்காக எழுதப்பட்ட இவ்வாவணத்திலிருந்து அரச மரபின் வரிசையையும் களப்பிரர் இடையீட்டையும் வரலாற்றாசிரியர் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. சங்கப் பாடல்களில் வரும் பாண்டியர்க்கும் செப்பேட்டுப் பாண்டியர்க்கும் இடையிலான நீண்ட இடைவெளியைக் கற்பனையால் நிரப்ப சாஸ்திரியார் முனையவில்லை. சான்று நிற்கும் இடத்தில் தாமும் நிற்பது அவர் முறை.

பிற்காலப் பாண்டியர் வரலாற்றில் வேறு வகைச் சிக்கல் இருந்தது. சடையவர்மன், மாறவர்மன் என்னும் பட்டங்கள் மாறிமாறி வர, சுந்தரன், வீரன், குலசேகரன் என்னும் பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒரே காலத்தில் ஒருவர்க்கு மேற்பட்டோர் முடிசூடி ஆண்டுள்ளனர். கல்வெட்டுகளிலுள்ள திதி, நாள், விண்மீன் குறிப்புகளைக் கொண்டு கீல்ஹார்னும் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளையும் கணித்த காலக்குறிப்புகளை சாஸ்திரியார் ஒப்பிட்டு ஆராய்ந்தார். மார்க்கோ போலோ, பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் முதலிய அயலார் குறிப்புகளையும் உள்நாட்டுச் சான்றுகளோடு பொருத்திப் பார்த்தார். 1311இல் மாலிக் கபூரின் படை மதுரையை அடைந்த பின் பேரரசு சிதைந்ததும், எஞ்சிய மரபினர் தென்காசிப் பகுதியில் ஒதுங்கி ஆண்டதும் அந்நூலின் இறுதிப் பகுதிகளில் இடம்பெறுகின்றன. கடல்வணிகம் செழித்த கொற்கைத் துறையில் தொடங்கிச் சிற்றாற்றுக் கரையிலுள்ள தென்காசியில் முடியும் அவ்வரலாறு, தாமிரவருணிப் படுகையை விட்டு நெடுந்தொலைவு விலகவில்லை எனலாம்.

4. சோழர் ஆய்வும் சென்னைப் பல்கலைக்கழகமும்

1929இல் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரியில் சிறிது காலம் பணியாற்றிய சாஸ்திரியார், அதே ஆண்டில் எஸ். கிருஷ்ணசாமி அய்யங்காருக்குப் பின் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இந்திய வரலாறு, தொல்லியல் பேராசிரியரானார். 1946 வரை நீடித்த இப்பதினேழு ஆண்டுகளே அவருடைய ஆய்வு வாழ்வின் உச்சம்.

1932இல் சோழர் வரலாறும் ஆட்சியும் பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) அந்நூல் விரிவாக ஆராய்கிறது. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்தல், குடவோலையால் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்தல், நிலம், வயது, கல்வி பற்றிய தகுதிகள், கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் விலக்குதல் ஆகிய விதிகள் இக்கல்வெட்டுகளில் உள்ளன. ஊர், சபை, நகரம் என்னும் உள்ளாட்சி அமைப்புகளைத் தென்னிந்திய அரசியல் வாழ்வின் மையமாக சாஸ்திரியார் நிறுவியது இவ்வாய்வின் வழியே ஆகும்.

இதன் தொடர்ச்சியாகச் சோழர்கள் என்னும் பெருநூல் 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. திருத்திய பதிப்பு 1955இல் வந்தது. மெய்க்கீர்த்திகளை வரிசைப்படுத்தி ஒவ்வொரு மன்னனின் ஆட்சி நிகழ்ச்சிகளையும் ஆண்டுவாரியாக அமைத்தமை, வரி, நிலவுடைமை, நீர்ப்பாசனம், கல்வி, சமயம், கலை ஆகியவற்றுக்குத் தனித்தனி இயல்கள் வகுத்தமை ஆகியன அந்நூலின் சிறப்புகள். ஆண்டறிக்கைகளில் சிதறிக் கிடந்த கல்வெட்டுச் செய்திகள் அந்நூலில் ஒரு பேரரசின் வரலாறாக ஒருங்கிணைந்தன.

அவருடைய கவனம் கடல் கடந்தும் சென்றது. தாய்லாந்தின் தக்குவாபாத் தமிழ்க் கல்வெட்டில் வரும் அவனிநாரணம் என்னும் குளத்தையும் அதன் காவலோடு தொடர்புடைய மணிக்கிராமத்தாரையும், சுமத்திராவில் கிடைத்த சக ஆண்டு 1010 (கி.பி. 1088) கல்வெட்டில் வரும் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவையும் 1932இல் ஆராய்ந்து வெளியிட்டார். 1939இல் மெகசுதனீசு முதல் மாகுவான் வரையிலான அயலார் குறிப்புகளின் தொகுப்பும், 1949இல் ஸ்ரீவிஜய வரலாறும் வெளிவந்தன. என். வெங்கடரமணய்யாவோடு இணைந்து தொகுத்த விசயநகர வரலாற்றுச் சான்றுகள் 1946இல் மூன்று தொகுதிகளாக வந்தன.

அவர் துறையில் உருவான ஆய்வாளர்களும் நினைவுகூரத்தக்கவர்கள். பல்லவர் ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற சி. மீனாட்சியின் நூல் 1938இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் இளவயதிலேயே மறைந்தார். விசயநகர ஆட்சிமுறையை ஆராய்ந்த டி.வி. மகாலிங்கம் பின்னாளில் அப்பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக விளங்கினார். அரச மரபுகளின் வரலாறு, ஆட்சிமுறை, சமூக வாழ்வு எனப் பகுத்து எழுதும் அமைப்பு அடுத்த தலைமுறை ஆய்வேடுகளின் பொதுவடிவமாக நிலைத்தது.

5. கல்வெட்டும் பாடலும்

1941இல் வெளியான வரலாற்று முறையியல் பற்றிய நூலில் சான்றுகளை எடைபோடும் நெறிகளைத் தென்னிந்தியச் சிக்கல்களோடு பொருத்தி சாஸ்திரியார் விளக்கினார். காலம் உறுதியான கல்வெட்டுக்கு முதலிடமும், காலம் ஐயத்துக்குரிய இலக்கியத்துக்கு அடுத்த இடமும் தருவது அவர் நெறி. பழந்தமிழ் இலக்கியத்தைப் பயன்படுத்த வேண்டிய இடங்களில் அவர் பெரிதும் எஸ். வையாபுரிப் பிள்ளையின் கருத்துகளைச் சார்ந்தார். அவரும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து, 1936 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பணியாற்றியவர். இலக்கியங்களின் காலத்தைப் பின்னுக்குக் கொணர்ந்த வையாபுரிப் பிள்ளையின் முடிவுகளுக்கு எழுந்த எதிர்ப்பு, அவற்றைச் சார்ந்த சாஸ்திரியார்மீதும் படிந்தது. வடமொழிப் பண்பாட்டுத் தாக்கத்துக்கு அவர் அளித்த முதன்மையும் தமிழறிஞர்களின் மறுப்புக்கு உள்ளாயிற்று.

இவ்விடத்தில் தி.வை. சதாசிவ பண்டாரத்தாரை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும். இருவரும் 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சில நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். பாண்டியரும் சோழரும் மோதிய திருப்புறம்பயத்தில் பிறந்த பண்டாரத்தார், முதற் குலோத்துங்க சோழன் (1930), பாண்டியர் வரலாறு (1940), பிற்காலச் சோழர் சரித்திரம் (1949 முதல்) ஆகிய நூல்களைத் தமிழிலேயே எழுதினார். கல்வெட்டுகளை ஊர் ஊராகச் சென்று படித்து, இலக்கியத்தோடு இயைத்து எழுதியவர் அவர். தமிழில் வரலாறு எழுத இயலும் என்பதற்கு அவருடைய நூல்களே விடையாயின. மறுபுறம், தென்னிந்திய வரலாறு உலகப் பல்கலைக்கழகங்களின் பாடப்பொருளானதற்கு சாஸ்திரியாரின் ஆங்கில நூல்கள் வழிவகுத்தன. 1915இல் எழுந்த வினாவுக்கு இரு விடைகளும் ஒரே தலைமுறையில் செயல்வடிவம் பெற்றன. இவ்விருவர் ஆய்வுகளையும் துணைகொண்டே கல்கி பொன்னியின் செல்வனை எழுதினார் என்பதும், ஆய்வறிஞரைத் தாண்டிச் சோழர் வரலாறு பொதுமக்களைச் சென்றடைந்தது அப்புதினத்தின் வழியே என்பதும் கருதத்தக்கன.

6. பிற்கால வாழ்வும் மதிப்பீடுகளும்

சென்னையில் ஓய்வு பெற்றபின், 1952 முதல் 1955 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் பேராசிரியராகவும், 1954இல் மைசூர் அரசின் தொல்லியல் இயக்குநராகவும் அவர் பணியாற்றினார். 1955இல் ஆக்சுபோர்டு வெளியீடாக வந்த தென்னிந்திய வரலாறு, தொடக்கக் காலம் முதல் விசயநகரத்தின் வீழ்ச்சி வரை ஒரே நூலில் அடக்கிப் பல பதிப்புகள் கண்டது. 1957இல் பத்மபூசண் விருது பெற்றார். அதே ஆண்டு முதல் 1972 வரை, யுனெஸ்கோ ஆதரவில் சென்னையில் இயங்கிய தென்கிழக்காசிய மரபுப் பண்பாட்டு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 1959இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய வரலாறு பற்றித் தொடர்சொற்பொழிவு ஆற்றினார். சங்க இலக்கியத்தின் வழிபாடு, பண்பாடு பற்றிய நூல் 1972இல், அவருடைய எண்பதாம் அகவையில் வந்தது. வாழ்நாள் முழுவதும் எச்சரிக்கையோடு அணுகிய இலக்கியச் சான்றை முதுமையில் அவர் தனிநூலுக்குரிய பொருளாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது. 1975இல் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் ஆய்வுலகம் அவருடைய சோழ அரசின் சித்திரத்தையே முதலில் கேள்விக்குள்ளாக்கியது. சோழ முடியாட்சியைப் பைசாந்தியப் பேரரசோடு ஒப்பிடத்தக்க மையப்பட்ட ஆட்சி என்று அவர் கருதினார். அதே நேரத்தில் ஊர்ச்சபைகள் தன்னாட்சி மிக்கவை என்றும் கொண்டார். வலிமை மிக்க மைய ஆட்சியும் தன்னாட்சி மிக்க ஊராட்சியும் எவ்வாறு ஒருங்கே நிலவ முடியும் என்பது பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் எழுப்பிய வினா. ஸ்டெயின் முன்வைத்த கூறாக்க அரசு என்னும் கோட்பாட்டை நொபொரு கராசிமாவும் எ. சுப்பராயலுவும் ஏற்கவில்லை, கல்வெட்டுச் சொற்களையும் பெயர்களையும் எண்ணிக்கை முறையில் ஆராய்ந்து, காலத்துக்குக் காலம், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறிய அரசமைப்பை அவர்கள் காட்டினர். ஆயினும், இம்மறுப்புகள் அனைத்துக்கும் தேவையான காலவரிசையை அமைத்துத் தந்தவர் சாஸ்திரியாரே. மன்னர் வரிசை உறுதிப்படாமல் இருந்திருந்தால் நிலவுடைமை மாற்றத்தைக் காலந்தோறும் அளவிடும் ஆய்வு தொடங்கியிருக்க இயலாது.

முடிவுரை

கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிய ஓர் அறிவு வாழ்க்கை, தமிழகத்தின் இடைக்கால வரலாற்றுக்கு உறுதியான காலச்சட்டகத்தை வழங்கியது. சான்றின் எல்லையை மீறாத கட்டுப்பாடு அதன் முதல் பெருமை. அரசரை மையமாகக் கொண்டு, உழுகுடிகளையும் அடித்தள மக்களையும் ஓரத்தில் நிறுத்தியது அதன் குறை. தமிழ்நிலத்தின் வரலாற்றை உலகறியச் செய்த அந்நூல்கள், அந்நிலத்தின் பெரும்பாலான வாசகர்க்கு நெடுங்காலம் எட்டாதிருந்தன. தென்னிந்திய வரலாறு இலங்கை அரசின் வெளியீடாகத் தமிழில் வந்தது; சோழர்கள் அவர் மறைந்தபின் கே.வி. இராமன் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. வரலாற்றின் நுண்பொருளைத் தாங்கும் ஆற்றல் தமிழுக்கு உண்டு என்பதை அம்மொழிபெயர்ப்புகளே மெய்ப்பித்தன.

தாமிரவருணிப் படுகையின் கல்வெட்டுகள் பேரரசுகளின் வரலாற்றுக்குச் சான்றாக அவர் நூல்களில் இடம்பெற்றன. அப்படுகையின் ஊர்களையும் நீர்நிலைகளையும் நிலவுரிமையையும் தனித்த பொருளாகக் கொண்டு, இடைக்காலம் முழுவதையும் தழுவும் வட்டார வரலாறாக எழுதுவது அடுத்த தலைமுறையின் கடமை. கல்வெட்டைச் சாஸ்திரியாரின் கண்டிப்போடும், இலக்கியத்தைத் தமிழ்த்துறையின் பயிற்சியோடும் இணைத்துப் படிக்க வல்ல ஆய்வாளர்க்கு அப்பணி உரியதாகும்.